குருத்தோலை நெருப்பு

1

என் மகளை நான் கடைசியாக அடித்தது அவளுக்குப் பத்து வயதில். போன சனிக்கிழமை மறுபடியும் கை ஓங்கினேன். இப்போது அவளுக்குப் பதினேழு, என்னைவிட ஒரு சாண் உயரம். ஓங்கிய கையை அப்படியே பிடித்துக்கொண்டு, "என்னம்மா, கீலாவா ஒனக்கு?" என்று கேட்டாள். கீலா என்றால் இந்த ஊர்ப் பேச்சில் பைத்தியம். பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அவள்மேல் தப்பில்லை. அவள் செய்ததெல்லாம் வீட்டுக்குள் நின்று பள்ளிக்கூடப் பேச்சைப் பேசிப் பார்த்ததுதான்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மலேசியாவில் கெடா மாநிலத்தில், பீடோங் என்கிற சந்தை ஊரில். நாலு பக்கமும் ரப்பர்த் தோட்டம். இப்போது பாதியை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை நட்டுவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியபோது எனக்கு இருபது வயது. என்னைக் கட்டிக்கொண்டவர் இங்கேயே பிறந்தவர். பெயர் அருளப்பன். லாரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடத்தில் மலாயில் வாதப் போட்டி. நம் ஊர்ப் பட்டிமன்றம் மாதிரிதான், ஆனால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். உலகம் முழுக்கப் புகை சேர்ந்து பூமி சூடாகிறதாம். கடல் ஏறுமாம், மழை தப்புமாம். அதைத் தடுக்கும் பொறுப்பு இந்த மாதிரிச் சின்ன நாட்டுக்கு உண்டா இல்லையா என்பது தலைப்பு. இல்லை என்று பேச வேண்டிய அணியில் வாத்தியார் இவளைப் போட்டுவிட்டார். இவள் எங்கள் இரண்டு பேரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எதிரே நின்று முழங்கினாள்.

என் மலாய் தோட்டத்து மலாய். கடைக்கும் காவல் நிலையத்துக்கும் போதும். அவள் பேசியதில் பாதி புரியவில்லை. ஆனால் 'கெச்சில், கெச்சில்' என்று ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. கெச்சில் என்றால் சின்னது. "என்னடி சொல்ற? தமிழ்ல சொல்லு" என்றேன். அவள் தமிழிலும் இந்த ஊர் 'லா' ஒன்று வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

"நம்ம நாடு சின்னது லா மா. நம்ம புகை கையளவு. பெரிய நாட்டுக்காரன் மலை மலையா எரிக்கிறான். அவன விட்டுட்டு நம்மள எதுக்குக் கேக்கணும்? கொஞ்சமா எரிக்கிறவன் வாய மூடிட்டு இருக்குறதுதான் புத்தி. அதான் லா."

என் கை தானாக எழுந்தது அப்போதுதான்.

இவர் தன் நல்ல காதை மகள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இவருக்கு இடது காது கேட்காது. "நல்லாத்தான் பேசுறா. கொஞ்சம் மெதுவாப் பேசணும், அவ்வளவுதான்" என்றார். இந்த மனிதருக்கு எதுவும் உறைக்காதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். மண்சட்டிதான், இரண்டாகப் போயிற்று.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று பிறகுதான் யோசித்தேன். ஸ்டெல்லா பேசிய வார்த்தை அவளுடையதில்லை, என்னுடையது. கையளவு நெருப்பு, ஏன் வாயைத் திறந்தீர்கள் என்று பதினைந்து வருடமாக இவரைக் கேட்டுக் குதறிக்கொண்டிருப்பவள் நான்தான். என் வார்த்தையே அவள் வாயில் வந்தபோது எனக்குக் காதால் கேட்க முடியவில்லை.

2

நான் பிறந்தது வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் குப்பம். அத்தனை வீடும் கீற்றுக் கூரை. சித்திரையில் மேல்காற்று தூக்கும்போது வருடத்துக்கு ஒரு வீடாவது எரியும். எரிந்தால் அங்கே முதலில் கேட்கிற சத்தம் "தீ, தீ" இல்லை. "அடுப்ப அணைங்கடி!" என்பதுதான். ஒருத்தி கத்துவாள், அடுத்த வீட்டுக்காரி கத்துவாள், கடற்கரை வரைக்கும் போகும். உலை கொதிக்கட்டும், மீன் பாதி வெந்திருக்கட்டும், தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வாசலுக்கு வரவேண்டும். எரிகிற வீடு தெருக்கோடியில் இருந்தாலும் சரி.

இதைக் கேட்டு எங்கள் குப்பத்தைப் புண்ணிய பூமி என்று நினைத்துவிடாதீர்கள். தீ அணைந்த கையோடு சண்டை ஆரம்பிக்கும். எவள் வீட்டுப் பொறி, எவன் போட்ட பீடி என்று மயிரைப் பிடித்து இழுத்து அடித்துக்கொள்வோம். எங்கள் சித்தப்பாவுக்கு முன்பல் இரண்டும் போனது அப்படித்தான். துடுப்பால் அடித்தார்கள். ஆனால் அந்தச் சண்டைக்கும் ஒரு முறை இருந்தது. அடுப்பை அணைக்காமல் வந்தவள் வாயைத் திறக்க முடியாது. திறந்தால், "ஒன் அடுப்பு எரியுது, போடி" என்று ஒரே வார்த்தையில் விரட்டிவிடுவார்கள். எவ்வளவு பெரிய வீட்டுக்காரியாக இருந்தாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

இங்கே வந்த பிறகு இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. தோட்டத்து வீடுகளுக்குத் தகரக் கூரை.

3

அப்போது நாங்கள் பீடோங்கை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் இருந்தோம். எழுபதுகளின் நடுவில். நான் பால் மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் இறக்கினேன்; இவர் தோட்டத்து லாரி ஓட்டினார். அந்தத் தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு இவர்தான் உபதேசியார். சாமியார் சுங்கைப் பட்டாணியிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வது, மணி அடிப்பது, ஒட்டடை அடிப்பது எல்லாம் இவர் வேலை.

வேதக்காரர் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலில் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாக முடைந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்போம். அடுத்த வருடம் சாம்பல் புதனுக்கு முன்னால் அந்தக் காய்ந்த ஓலைகளை வீடு வீடாக வாங்கி எரிப்பார்கள். அந்தச் சாம்பலைத்தான் புதன்கிழமை சாமியார் நெற்றியில் பூசுவார். எங்கள் தோட்டத்தில் செவ்வாய்க்கிழமை காலையில், கோயிலுக்குப் பின்னால், மூன்று செங்கல்லை வைத்து இவர்தான் எரிப்பார். இவருடைய அப்பாவும் அதே இடத்தில்தான் எரித்தார். தரையைக் கூட்டி, எரித்து, சாம்பலை டின்னில் அள்ளி, மேலே மண்ணைப் போட்டு மூடுவார். இத்தனை வருடத்தில் ஒரு புல்கூடக் கருகியதில்லை.

அந்த வருடம் அந்த இடம் மாறியிருந்தது. கோயிலுக்குப் பின்னால் இருந்த கிழட்டு ரப்பர் மரங்களுக்கு மருந்து ஊற்றிக் கொன்று, சாய்த்து, பனை நடுவதற்காக வரிசை வரிசையாகக் குவித்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு பொட்டு மழை இல்லை. மரமெல்லாம் முறுக்கு மாதிரி காய்ந்து கிடந்தது. இவர் அதையெல்லாம் பார்க்காமல் இல்லை. ஆனால் செங்கல் மூன்றும் அங்கேயேதான் கிடந்தன. கால் பழகிய இடத்துக்கே போனார், வழக்கம்போலத் தரையைக் கூட்டினார், எரித்தார்.

அந்தக் குவியல்களைக் கொளுத்தும் வேலை கோவிந்தன் என்கிற காண்ட்ராக்டருக்கு. பீடோங்கில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்தவர். அன்று காற்று அதிகம், நாளைக்குக் கொளுத்தலாம் என்று ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. டீசல் வந்துவிட்டது, ஆள் வந்துவிட்டது, கொளுத்துடா என்றாராம். இவர் ஓலையை எரித்துவிட்டு லாரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் அங்கே அந்தக் கோடியில் ஏக்கர் கணக்கில் தீ வைத்தார்கள்.

கோயிலுக்கு இந்தப் பக்கம் ஆயாக் கொட்டகை. மரம் வெட்டப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்.

நண்பகலில் நாங்கள் பால் நிறுக்க ஸ்டோரில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் முனியம்மா. அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் மரம் வெட்டுகிறவர்கள். அவளுக்குத் தவமிருந்து பிறந்த பையன் முருகேசு, நடக்கப் பழகியிருந்தான். முதலில் நாற்றம் வந்தது. அப்புறம் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. யாரோ "கொட்டாய்!" என்று அலறினார்கள். பால் வாளியோடேயே ஓடினோம். வாளியைக் கீழே வைக்கவேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்து தீ தரையோடு தரையாகக் கொட்டகையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கையில் இருந்தது பால், அதைத்தான் ஊற்றினோம். ரப்பர்ப் பால் தீயில் விழுந்தால் என்ன ஆகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. கறுப்பாகப் புகை எழும்பி எங்கள் மூஞ்சியிலேயே அடித்தது.

ஆயா பிள்ளைகளை இரண்டு கையிலும் இடுப்பிலும் அள்ளிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். ஸ்டெல்லா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டே வந்தாள். என் பிள்ளையைத் தூக்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் சத்தமாகச் சிரித்தேன். முனியம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை காலியாக இருந்தது.

பின்பக்கத்துத் தூளியில் தூங்கியவனை ஆயா மறந்துவிட்டாள். கொட்டகை எரியவே இல்லை. தகரத்தில் கொஞ்சம் கரி, அவ்வளவுதான். புகைதான் பிள்ளையைக் கொண்டுபோயிற்று. மாரிமுத்து அண்ணன், முனியம்மாவின் வீட்டுக்காரர், உள்ளே போய்த் தூளியோடு அறுத்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வந்து, "இன்னிக்கிப் பாலு எங்க? நிறுவையே இல்லையே" என்று கேட்டார். எழவு வீட்டு வாசலில் நின்று கேட்டார். எங்கள் வரிசைப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டது.

4

விளக்கு வைக்கிற நேரத்தில் இவர் என்னிடம் சொன்னார். "ஞானம், காலையில நானும் அங்க ஓல எரிச்சேன் புள்ள."

 "மண்ணு போட்டீங்கல்ல?"

"போட்டேன். நல்லா மூடுச்சான்னு திரும்பிப் பாக்கல. லாரிக்கு ஹாரன் அடிச்சான்."

எந்தத் தீ கொட்டகைக்கு வந்தது என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. இரண்டும் ஒரே திசை. நான் இவர் காலைப் பிடித்தேன். "கையளவு நெருப்புங்க. அவன் ஏக்கர் ஏக்கரா கொளுத்துனான். உங்களப் பாத்தவன் எவனும் இல்ல. வாயத் தொறந்தீங்க, ஒங்க தலையிலதான் கட்டுவான். பொட்டப் புள்ள வச்சிருக்கோம்ங்க" என்று கெஞ்சினேன். மாதா மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். இவர் பதிலே பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் முட்டாள்தனம்.

மறுநாள் விடிகாலைப் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற களம் அது. சாம்பல் புதன். அன்று ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. தோட்டத்து மானேஜர் துரை வரவில்லை. கோவிந்தன் மட்டும் வெள்ளைச் சட்டையோடு காரில் வந்து இறங்கினார். "நம்ம நெருப்பு காவல் போட்ட நெருப்பு. சுத்தி ஆள் நின்னான். எவனாச்சும் பீடிய குடிச்சுட்டுப் போட்டிருப்பான்" என்றார்.

இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கையில் சாம்பல் டின். "நானும் வச்சேன்" என்றார். "கோயிலுக்குப் பின்னால ஓல எரிச்சேன். மண்ணு போட்டேன். ஆனா திரும்பிப் பாக்கல."

கோவிந்தனுக்கு அதைவிட என்ன வேண்டும்? "பாத்தீங்களாயா! கோயில்காரன் நெருப்பு! அவனே சொல்லிட்டான்!" என்று கையைத் தட்டினார்.

பால் வாளி சுமக்கிற காண்டாக் கம்பு ஒன்று மாரிமுத்து அண்ணன் கைக்கு எப்படி வந்தது என்று பார்க்கவில்லை. முதல் அடி தோளில். இரண்டாவது அடி காதோடு சேர்த்துத் தாடையில். இவர் தடுக்கவில்லை. டின் விழுந்து சாம்பல் கொட்டியது. மூன்றாவது அடிக்குக் கீழே விழுந்துவிட்டார். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிச் சட்டைக்குள் போனது. அத்தனை ஆம்பளைகள் நின்றார்கள், ஒருத்தன் நகரவில்லை. நான் ஓடிப்போய் மாரிமுத்து அண்ணன் கையைக் கடித்தேன். வாயில் சதை கிடைக்கும் வரைக்கும் கடித்தேன். அவர் என்னை உதறித் தள்ளிவிட்டு மறுபடியும் கம்பை ஓங்கினார்.

அப்போதுதான் முனியம்மா வந்தாள். எங்களைப் பார்த்து வருகிறாள், இவள் பங்குக்கும் மிதிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். இவரைத் தாண்டிப் போனாள். நேராகக் கோவிந்தன் முன்னால் போய் நின்றாள்.

"அவரு சொல்லிட்டாரு. நீ சொல்லு."

"என்னாத்தச் சொல்ல?"

"நீ வச்சதச் சொல்லு."

மாரிமுத்து அண்ணன் ஓங்கிய கம்போடு அப்படியே நின்றுவிட்டார். கோவிந்தன் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமும் அவரைப் பார்த்தது. அதுவரை அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மனிதர் திரும்பிக் காரில் ஏறினார். முனியம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு, சொல்லிட்டுப் போ!" கார் நகர்ந்தது. அவள் விடவில்லை. பாதை வளைவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் அங்கே போட்டுவிட்டுப் போனது. முட்டி இரண்டும் எலும்பு தெரிந்தது.

5

இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாடை ஒட்டியது, காது போயிற்று. காவல் நிலையத்தில் இவர் மறுபடியும் அதையே சொன்னார். "அப்பி கெச்சில்" என்று எழுதிக்கொண்டார்கள். சின்ன நெருப்பு. கோவிந்தன் பெரிய நெருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அவர்களும் ஒன்றும் எழுதவில்லை. என் சிவப்பு அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஓர் அதிகாரி, நீ இந்த நாட்டுக்காரி இல்லையே, உனக்கு ஏன் இவ்வளவு சத்தம் என்றார். பிள்ளை பெற்றது இங்கேதான் என்றேன். இன்றைக்கு வரைக்கும் எனக்குக் குடியுரிமைக்கான நீல அட்டை கிடைக்கவில்லை. மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாருக்கு அலைந்து அலைந்து விட்டுவிட்டேன்.

ஒரு வழக்கும் நடக்கவில்லை. தோட்டத்தில் எங்களை மட்டும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கோவிந்தனுக்கு அடுத்த மாதமே வேறு தோட்டத்தில் கொளுத்தும் வேலை. பீடோங்கில் சந்தைக்குப் பின்னால், கடைச் சுவரோடு ஒட்டிய ஒரு சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். என் ஆத்திரம் அங்கே ஆரம்பித்தது. தாடையில் கட்டோடு படுத்திருந்த மனிதரைப் போட்டு அடித்தேன் என்றால் நம்புவீர்களா? "ஏன்யா சொன்னே? ஏன்யா சொன்னே?" என்று தலையணையால் அடித்தேன். கஞ்சிக் கிண்ணத்தை எறிந்தேன். பெரியவன் தப்பித்துக்கொண்டான், சின்னவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான், இதில் யாருக்கு என்ன லாபம்? கட்டு அவிழ்த்த பிறகும் இவர் ஒரே பதில்தான் சொன்னார். "வச்சேன். சொன்னேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

முனியம்மா சும்மா இருக்கவில்லை. சந்தை கூடுகிற நாளெல்லாம் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து கோவிந்தன் கடை முன்னால் நிற்பாள். "அவரு சொல்லிட்டாரு, நீ சொல்லு." வேறு ஒன்றும் பேசமாட்டாள். சாமான் வாங்க வந்தவர்கள் ஒதுங்கிப் போவார்கள். கடைப் பையன்கள் அவளைப் பிடித்துச் சாக்கடையில் தள்ளினார்கள். அடுத்த வாரம் கல்லோடு வந்தாள். கண்ணாடி ஜாடி அத்தனையையும் உடைத்தாள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வெளியே வந்து மறுபடியும் நின்றாள். கோவிந்தன் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. கடையை மூடிக்கொண்டு கூலிம் பக்கம் போய்விட்டார்.

அடுத்த கோடையில் தோட்டத்தில் இன்னொரு பக்கம் கொளுத்த வந்தபோது பெண்கள் பெரட்டுக் களத்தில் வெட்டுக் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்களாம். எங்கே, எந்நேரம் கொளுத்தப் போகிறாய், முதலில் எங்களிடம் சொல்லு, பிள்ளைகளை அந்தக் கோடிக்கு மாற்று, அப்புறம்தான் மரம் வெட்டுவோம் என்று நின்றார்கள். ஒரு மண்டோர் கையை ஓங்கியிருக்கிறான். அவன் சட்டை கிழிந்தது. துரை ஒத்துக்கொண்டார். முன்னால் நின்றவள் முனியம்மா. இதையெல்லாம் நான் பீடோங்கில் சந்தையில் கேள்விப்பட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அன்றைக்கும் இவரோடு சண்டைதான் போட்டேன்.

6

பீடோங் கோயிலுக்கும் சாம்பல் செய்து கொடுப்பது இவர்தான். இப்போது சிமெண்டு முற்றத்தில், மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் எரிக்கிறார். நாங்கள் இங்கே வந்த மறு வருடம், அந்தச் செவ்வாய்க்கிழமை, முனியம்மா வாசலில் வந்து நின்றாள். மாரிமுத்து அண்ணன் அதற்குள் சாராயத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். சாபம் விட வந்திருக்கிறாள் என்று நான் விளக்குமாற்றை எடுத்தேன். அவள் குழாயடிக்குப் போனாள், ஒரு வாளி தண்ணீர் பிடித்தாள், இவர் பக்கத்தில் வந்து நின்றாள். ஓலை எரிந்து முடியும் வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு மொத்த வாளியையும் தகரத்தில் கவிழ்த்தாள். சாம்பல் குழம்பாகிவிட்டது. அந்த வருடம் சாமியார் எல்லார் நெற்றியிலும் சேற்றைத்தான் பூசினார்.

அதிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை. வருவாள், நிற்பாள், ஊற்றுவாள். போகப் போகக் கொஞ்சம் பேசவும் ஆரம்பித்தாள். ஸ்டெல்லாவுக்கு அவள் அத்தை. இவர் ஈரச் சாம்பலைத் தகரத்தில் பரப்பி வெயிலில் காய வைப்பார். ஏன் வருகிறாய் என்று நாங்கள் கேட்டதில்லை. ஏன் இவ்வளவு தண்ணீர் என்றும் கேட்டதில்லை.

7

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. காலையில் போட்டி. மத்தியானம் ஸ்டெல்லா பள்ளிக்கூட உடுப்போடு ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முற்றத்தில் ஓலை எரிந்துகொண்டிருந்தது. முனியம்மா வாளியோடு நின்றாள்.

"என்னா கப்புடி அது?"

"பேச்சுப் போட்டி அத்தே. நாங்க மெனாங். ஜெயிச்சுட்டோம். அடுத்தது அலோர் ஸ்டார்."

"அடி சக்க! என்னான்னு பேசுன?"

ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். முருகேசு செத்தது, அப்பா அடி வாங்கியது எல்லாம் அவளுக்குத் தெரியும். அதையும் பள்ளிக்கூடப் பேச்சையும் அவள் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. நீதிபதிகளுக்கு முன்னால் மூச்சு விடாமல் பேசியவளுக்கு இப்போது தமிழும் வரவில்லை, மலாயும் வரவில்லை.

"ஒலகம் சூடாவுது அத்தே... பொகையால... நம்ம நாடு..."

"சொல்லு" என்றாள் முனியம்மா.

அந்தச் சொல்லை நான் பெரட்டுக் களத்தில் கேட்டவள். 

"நம்ம பொகை கொஞ்சந்தான்னு. சின்ன நாட்டக் கேக்கக்கூடாதுன்னு." ஸ்டெல்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சிக்குதான் அந்தப் பக்கம் குடுத்தாரு அத்தே. நானா எடுக்கல லா." சிக்கு என்றால் வாத்தியார்.

முனியம்மா வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அந்தக் கோவிந்தன் கடைக்கு முன்னாடி நான் எந்த வாயோட போயி நின்னேன்னு நெனக்கிற? உங்கப்பா சொன்னாரு பாரு, அந்த வாயோட நின்னேன். அவரும் கெச்சில் கெச்சில்னு கம்முனு இருந்திருந்தா நான் யாரப் போயிக் கேப்பேன்? அவனும் வைக்கல, இவரும் வைக்கலன்னா எம்புள்ள தானாவா செத்தான்?" அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "கப்பு வாங்கிட்ட, சரி, வச்சுக்க. அடுத்த வாட்டி அந்தப் பெரிய நாட்டுக்காரன் பேச்சு வந்தா, மொதல்ல எங்களுது இம்புட்டுன்னு சொல்லிப்புடு. சொல்லிட்டுக் கேளு. சட்டையப் புடிச்சுக் கேளுடி. உனக்கு வாய் இருக்கு."

ஸ்டெல்லா கோப்பையை இடுப்பில் அணைத்தபடியே அழுதாள். எனக்கு எங்கள் குப்பத்துத் தெரு, அடுப்பை அணைக்காமல் வந்து விரட்டுப்பட்ட பெண்கள், எல்லாம் ஒரே நிமிஷத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன. பதினைந்து வருடமாக எனக்கு இது எப்படிப் புரியாமல் போயிற்று? என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

முனியம்மா வாளியைத் தூக்கித் தகரத்தில் கவிழ்த்தாள். உஸ்ஸென்று புகை எழும்பி எங்கள் நாலு பேர் கண்ணிலும் அடித்தது.

இவர் செவிட்டுக் காதுப் பக்கம் எங்களுக்குக் காட்டியபடி தகரத்துக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார். ஒன்றும் கேட்டிருக்காது. மகள் அழுவதைப் பார்த்துவிட்டு, "என்னா சொல்லுது முனியம்மா?" என்றார்.

நான் சுற்றிக்கொண்டு போய் அவர் நல்ல காதில் வாயை வைத்துக் கத்தினேன். "அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான்னு சொல்லுது!"

முனியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இவர் ஈரச் சாம்பலில் கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாச் சொல்லு புள்ள" என்றார். "கேக்குது."